அஞ்சாம் லெவல்

பதினோரு மணிக்குத் திருச்சியில் மெடிக்கல் போர்டு, இப்போது மணி ஆறு பத்து, நடுவில் கிடக்கிற இந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் சவரிமுத்து வழக்கம்போல சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது, இடது மார்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும், அதை செசிலி பார்த்துவிட்டால் தீர்ந்தது, என்னங்க பண்ணுது என்னங்க பண்ணுது என்று உயிரை எடுத்துவிடுவாள், கட்டின பாவத்துக்கு அவளும்தான் என்ன செய்வாள். அதற்கு ரோடு எவ்வளவோ தேவலை. மாசிப் பனி இன்னும் விலகவில்லை, மாட்டுச் சந்தைப் பக்கமிருந்து சாணி வாசனையும் எங்கோ முறுக்கு சுடுகிற எண்ணெய் வாசனையும் கலந்து வந்தது, வெறும் வயிற்றில் அந்த எண்ணெய் வாசனை குமட்டியது. குமட்டுகிறதா? குமட்டினால் அதுவும் ஒரு அறிகுறி என்று டிஸ்சார்ஜ் பண்ணும்போது சொன்னார்களே. சேச்சே, இது எண்ணெய்தான். நாலு டாக்டர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்செல்லாம் ஒயரை ஒட்டுவார்கள், ட்ரெட்மில்லில் ஏற்றி நடக்க விடுவார்கள், மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுவார்கள், கடைசியில் ஒரு தாளில் ஃபிட் என்று எழுதுவார்கள், இல்லாவிட்டால் அன்ஃபிட். அன். அந்த ரெண்டு எழுத்துச் சமாசாரம்தான் மனுஷனை ராத்திரி தூங்கவிடவில்லை. அது ஒட்டாவிட்டால் திங்கட்கிழமையே பழையபடி புதுக்கோட்டை பஸ், அவருடைய சீட்டு, அவருடைய ஸ்டியரிங். ஒட்டிக்கொண்டால் டிப்போ கேட்டில் ஒரு ஸ்டூல், வண்டி வந்தால் சங்கிலியை இறக்கிவிட வேண்டும், போனால் தூக்கி மாட்ட வேண்டும். இருபத்தேழு வருஷம் அந்தச் சங்கிலியைத் தாண்டி வண்டியை வெளியே எடுத்த ஆளு அவர்.

ஆனால் ஏன் ஒட்டப்போகிறது? ஒட்டாது. அஞ்சாம் லெவலில் ஓட்டுகிறவனுக்கு எப்படி ஒட்டும்? இந்த இடத்துக்கு வந்தால் அவருடைய மனசு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும், தினமும் பத்துத் தடவையாவது இங்கே வந்து நிமிர்ந்துவிட்டுப் போகும். ஆஸ்பத்திரியில் ரெண்டு ஸ்டென்ட் வைத்துப் பத்து நாள் கழித்து ஒரு அறையில் ஒரே இடத்தில் நிற்கிற சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள் இல்லையா, அதில் ஒரு திருகு இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்து வரை. அந்த பிசியோதெரபிப் பொண்ணு, வயசு இருபத்தஞ்சு இருக்குமா, ஒண்ணுல மிதிங்க சார் போதும், அஞ்சுல வச்சா மலை ஏறுற மாதிரி, அதெல்லாம் உங்களுக்கு இப்ப கிடையாது என்று சிரித்தது. அது சிரித்த சிரிப்பு அவருக்குள் ரோஷமாக இறங்கிவிட்டது. அப்புறம் ஓசூரிலிருந்து மகள் பெனிட்டா இந்த பேட்டரி சைக்கிளை அனுப்பிவைத்தபோது இதிலும் இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை, கூட்டவும் குறைக்கவும் ரெண்டு பொத்தான், ஒன்றிலிருந்து ஐந்து. பார்த்ததுமே புரிந்துபோயிற்று, ஆஸ்பத்திரியில் பார்த்த அதே திருகுதான். செசிலிக்கு ஆரம்பத்திலிருந்தே இது பிடிக்கவில்லை, மோட்டார் வச்ச சைக்கிள்ல என்னங்க எக்சர்சைஸு, கிரைண்டரைப் போட்டுட்டு கை வலிக்குதுன்னு சொல்ற மாதிரி, கேரியர் வச்ச கருப்பு சைக்கிள் ஒண்ணு வாங்கி மிதிச்சா உடம்பு தானா தேறும் என்றாள். அவளுக்காகத்தான் மோட்டாரை ஓட்டுகிற அந்தக் கட்டைவிரல் விசையைச் சுற்றிக் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றிவைத்தார். இந்தா பாரு, இனி இதைத் தொடவே முடியாது, மிதிக்கிறது பூரா நான்தான். அந்தச் சத்தியத்தை இன்றுவரை மீறவில்லை. முதல் ரெண்டு வாரம் ஒன்றாம் லெவலில் மூச்சு வாங்கத்தான் செய்தது, பயந்துகொண்டே ரெண்டுக்கு மாற்றினார், ஆச்சரியம், அவ்வளவு வாங்கவில்லை. மூணு. இன்னும் லேசாக இருந்தது. நாலு, அஞ்சு, பாலத்தை ஏறி இறங்கி எட்டு கிலோமீட்டர், பேசிக்கொண்டே போகலாம் போல இருந்தது. லெவல் கூடக்கூட லேசாகிறது என்றால் உடம்பு தேறுகிறது என்றுதானே அர்த்தம், வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும், கேட்கிறேன். ஏறின படியிலிருந்து அவர் ஒரு நாளும் இறங்கிப் பார்க்கவில்லை. சும்மா இருக்கிற பேட்டரி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை காலியாகிறதே என்று ஒரு சந்தேகம் வந்ததுதான். பஸ் பேட்டரியே ஷெட்டில் சும்மா நின்றால் இறங்கிவிடும், இதற்கு என்ன கேடு என்று விட்டுவிட்டார்.

பாலம் தெரிந்தது. ரயில்வே மேம்பாலம், இந்தப் பக்கம் இருபத்திரண்டு விளக்குக் கம்பம், உச்சி வரைக்கும் எண்ணிவைத்திருக்கிறார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இன்றைக்கு ஒரு நாள் உடம்பை வருத்திக்கொள்வானேன்? பதினோரு மணிக்கு ட்ரெட்மில் இருக்கிறது, இருக்கிற தெம்பையெல்லாம் இங்கேயே கொட்டிவிட்டு அங்கே போய் நாக்குத் தள்ளி நிற்கவா? ஒன்றாம் லெவலில் நைசாக ஏறி இறங்கிவிடலாம். பஸ்ஸில் மேடு வந்தால் கியரைக் குறைக்கிறோம் இல்லையா, அதே கணக்குதான். குறைக்கிற பொத்தானை நாலு தடவை அழுத்தினார், திரையில் ஒன்று வந்து நின்றது, மிதித்தார். முதல் கம்பம் தாண்டுமுன்னே பெடல் கனத்தது. டயரில் காற்றுப் போய்விட்டதா? குனிந்து பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கம்பம். தொடை இறுகியது. மூணாவது கம்பத்தில் மூச்சு வாய் வழியாக வர ஆரம்பித்தது, இல்லை, இது என்ன, ஒன்றாம் லெவல்தானே, ஒன்றிலேயே இப்படி என்றால்? ஐயோ, வந்துவிட்டது. இன்றைக்கா வரணும், மாதாவே, இன்றைக்கா? பின்கழுத்தில் வியர்த்தது, பனியில் வியர்க்கிறது, அன்றைக்கும் இப்படித்தான் வியர்த்தது. அன்றைக்கு என்று நினைத்ததும் மனசு போய் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டது, அதற்கு அங்கே போய் மாட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. விராலிமலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டி, கை பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேலே சாய்ந்தார் சவரிமுத்து. அறுபத்திரண்டு பேர், ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. டிப்போவில் ஃபோட்டோ எடுத்தார்கள், சால்வை போட்டார்கள், உசிரு போற நேரத்திலயும் அண்ணன் பயணிகளைத்தான் நினைச்சாரு என்று கண்டக்டர் பிச்சைப்பிள்ளை மைக்கில் அழுதே விட்டான். பிச்சைப்பிள்ளைக்கு என்ன தெரியும். வலி இலுப்பூர் பஸ் ஸ்டாண்டிலேயே வந்துவிட்டது என்று யாருக்குத் தெரியும். பன்னிரண்டு கிலோமீட்டர். வாயு என்று நினைத்தாராம். நினைத்தாரா, நினைத்துக்கொண்டாரா? நினைத்துக்கொண்டார் என்பதுதான் சரி. இடது தோளிலிருந்து முழங்கை வரை இழுத்தபோதும், எதிரே வந்த லாரியின் லைட்டு ரெண்டு நாலாகத் தெரிந்தபோதும், அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டினார், பின்னால் ஒரு பிள்ளை விடாமல் சிரித்துக்கொண்டே வந்தது. இதை அவர் செசிலியிடம்கூடச் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்போய், கோபப்படுகிறேன் ஃபாதர், மாத்திரையை மறந்துவிடுகிறேன் ஃபாதர் என்று வேறு எதையோ சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

ஆறாவது கம்பம். இன்னும் குறை, இன்னும் லேசாக வை என்று உள்ளே ஏதோ கத்தியது, விரல் பொத்தானை அழுத்தியது, ஒன்று போய் பூஜ்யம் வந்தது. அவ்வளவுதான், சைக்கிள் ரோட்டைப் பிடித்துக்கொண்டது. இருபத்தஞ்சு கிலோ இரும்பும் பேட்டரியும் அவர் காலில் தொங்கின. ஒரு பெடல் இறங்கி அடுத்த பெடல் மேலே வருவதற்குள் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. ஏழாவது கம்பத்தில் காலை ஊன்றிவிட்டார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார், கையை மார்பில் வைத்தார், அது திமுதிமுவென்று அடித்தது. வலி? தேடினார். தோளில் தேடினார், தாடையில் தேடினார், முழங்கையில் தேடினார், சட்டைப்பையில் சாவியைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு இடமாகத் தேடிப்பார்த்தார். இல்லை. மூச்சுதான். வெறும் மூச்சுதான். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை டப்பாவை எடுத்து, திறந்து, கொஞ்ச நேரம் பார்த்து, மூடினார். ரெண்டு நிமிஷம் போயிற்று, மூணு போயிற்று, மூச்சு சமனாயிற்று, அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. ஒன்றாம் லெவலில் ஏற முடியாத நாய்க்கு எதற்கு போர்டு, எதற்கு ட்ரெட்மில்? செத்தால் அஞ்சில் சாகிறேன் போ என்று கூட்டுகிற பொத்தானை ஐந்து தடவை குத்தினார், ஏறி உட்கார்ந்தார், மிதித்தார். சைக்கிள் கிளம்பியது. கிளம்பியது என்றால், காலை வைத்ததுதான் தெரியும், எட்டு, ஒன்பது, பத்து என்று கம்பங்கள் பின்னால் போயின, காற்று முகத்தில் அடித்தது, மூச்சு கொஞ்சம்கூட வாங்கவில்லை. உச்சிக்குப் போய்விட்டார். உச்சியில் நிறுத்தி, இறங்கி, அந்தச் சின்னத் திரையில் ஒளிர்கிற ஐந்தை வெறித்துப் பார்த்தார்.

மனசு புரிந்துகொள்ள மாட்டேன் என்று அடம் பிடித்தது. கால் புரிந்துகொண்டது, தொடை புரிந்துகொண்டது, மனசு மட்டும் இன்னொரு வழி இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றித் தேடியது. ஒன்றில் செயின் சிக்கியிருக்கும். பிரேக் உரசியிருக்கும். இன்னொரு தடவை சரிபார்க்கலாம் என்று சமதளமான அந்த உச்சியிலேயே பூஜ்யத்தில் வைத்துப் பத்தடி மிதித்தார், கனம். ஒன்றில் மிதித்தார், கொஞ்சம் தேவலை. மூணு. அஞ்சு. மிதிக்கிற காலுக்குக் கீழே உர்ர்ர் என்று ஒரு மெல்லிய சத்தம், பத்து வாரமாக டயர் சத்தம் என்று அவர் நினைத்திருந்த சத்தம், பின்சக்கரத்தின் நடுவிலிருந்துதான் வந்தது. இருபத்தேழு வருஷம் இன்ஜின் சத்தத்தில் நட்டு கழன்றதைக்கூடக் கண்டுபிடித்த காது இதைக் கேட்கவில்லை. கேட்கவில்லையா, கேட்டுக்கொள்ளவில்லையா? ஆஸ்பத்திரி சைக்கிளில் ஐந்து என்றால் மிதிக்கிறவனுக்கு ஐந்து மடங்கு பாடு, இந்தச் சைக்கிளில் ஐந்து என்றால் மோட்டாருக்கு ஐந்து மடங்கு வேலை. அப்படியானால் அவர் ஒவ்வொரு படியாக ஏறவில்லை, ஒவ்வொரு படியாக வேலையை அதனிடம் தள்ளிவிட்டிருக்கிறார். ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் என்று திரை காட்டுகிறது, அதில் அவருடையது எத்தனை? அந்தப் பெண் சிரித்த சிரிப்பு நியாயம்தான். கருப்பு சைக்கிள் என்று செசிலி சொன்னாளே, பாவி, அதை வாங்கியிருந்தால் முதல் நாளே பாலத்தடியில் இறங்கித் தள்ளியிருப்பார், ரெண்டாம் வாரம் ஒரு கம்பம், மூணாம் வாரம் ரெண்டு கம்பம், இன்றைக்குப் பத்தோ பன்னிரண்டோ வந்திருக்கும், அதை போர்டில் தைரியமாகச் சொல்லலாம். இன்னும் நாலரை மணி நேரத்தில் அந்த ஓடுகிற பட்டையில் ஏறினால் எந்தப் பொத்தானும் அவருக்காக நடக்காது. அவருக்கு அழுகை வந்தது. பாலத்து உச்சியில், போகிற பால்காரன் ஒருத்தன் பார்க்க, அழுதார்.

ஃபோனை எடுத்து பெனிட்டாவைக் கூப்பிட்டார். ஃபேக்டரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்திருப்பாள், பின்னால் மிக்ஸி ஓடியது. "என்னப்பா இந்நேரத்துல, ஏதும் பண்ணுதா?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல. ஒரு சந்தேகம். இந்த சைக்கிள்ல அஞ்சாம் லெவல்னா மோட்டார் கூட வேலை செய்யுமா, கொறச்சலா செய்யுமா?"

மிக்ஸி நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் வந்து நிற்கிற வண்டியைப் பார்க்காமலே உணர்கிற ஆளு அவர், அது நின்றதிலேயே பதில் தெரிந்துவிட்டது. "கூடத்தான்பா" என்றாள். "நீங்க டேப் சுத்தி வச்சிருக்கீங்களே, அது வேற, அதை அமுக்கினா மிதிக்காமயே ஓடும். லெவல்ங்கறது நீங்க மிதிக்கறப்ப அதுவும் கூடச் சேர்ந்து தள்ளும்."

"நான் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்கேன்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணாவது லெவல் போயிட்டேன் பாப்பா, மூச்சே வாங்கலன்னு போன் பண்ணீங்கள்ல, அன்னிக்கே தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் அன்னிக்குத்தான்பா நீங்க சிரிச்சீங்க. எப்படி சொல்றது? சொன்னா சைக்கிளத் தூக்கி மூலைல போட்டுட்டு படுத்துக்குவீங்கன்னு பயமா இருந்துச்சு. சும்மா படுத்திருக்கறதுக்கு இது மேல்னு விட்டுட்டேன். காலு சுத்துதுல்ல, அதுவும் எக்சர்சைஸ்தான்பா."

"அது எவ்வளவும்மா?"

"எது?"

"அந்த எக்சர்சைஸு."

"கொஞ்சம்பா" என்றாள், குரல் உடைந்துவிட்டது.

கொஞ்சம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் நின்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு, ட்ரெட்மில்லில் முதல் மூணு நிமிஷமா, அடுத்த மூணு நிமிஷமா? நடந்தாலும் நடந்துவிடலாம், யார் கண்டது, கொஞ்சம் வலித்தாலும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தால் ஃபிட் என்று எழுதிவிடலாம், அவருக்குத்தான் பல்லைக் கடித்துக்கொள்ளத் தெரியுமே. திங்கட்கிழமை வண்டி. அறுபது பேர். நிற்கிறவர்களையும் சேர்த்தால் எழுபது. சொல்லாமல் விட்டுவிட்டாள் மகள், அப்பா சிரித்தார் என்பதற்காக. அவள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை, வர வேண்டிய இடத்தில் இலுப்பூர் பஸ் ஸ்டாண்டு வந்து நின்றது. யாரைக் குறை சொல்வது, இது எங்கேயிருந்து அவளுக்கு வந்தது என்று அவருக்குத் தெரியாதா.

"பெனி" என்றார். "அன்னிக்கு வலி இலுப்பூர்லயே வந்துருச்சும்மா."

"என்னது?"

"புளியமரத்துக்கிட்ட வரல. இலுப்பூர்ல வண்டிய எடுக்கறப்பவே வந்துருச்சு. பன்னண்டு கிலோமீட்டரு ஓட்டினேன், அத்தன பேரையும் வச்சுக்கிட்டு."

"ஏம்ப்பா நிறுத்தல?" அவள் கேட்டது கேள்வியாகவே இல்லை, சின்னப் பிள்ளை முனகுகிற மாதிரி இருந்தது.

"நல்லாத்தான ஓட்டிக்கிட்டிருந்தேன்" என்றார். சொன்ன பிறகு, இத்தனை மாதம் அவர் தனக்குள் கொடுத்த வாயு, அலுப்பு, சாப்பாடு என்கிற காரணமெல்லாம் கழன்று விழுந்துவிட்டது, இது ஒன்றுதான் நிஜம் என்று தெரிந்தது. நிறுத்தினால் அப்புறம் ஓட்ட விடமாட்டார்கள் என்று அப்போதே பயம்.

பெனிட்டா அழுதுகொண்டிருந்தாள். "போர்டுக்குப் போவாதீங்கப்பா, இன்னொரு தேதி கேக்கலாம், ரெண்டு மாசம் ஒழுங்கா மிதிச்சுட்டு..." என்றாள்.

"போறேன். போயி, மெஷின்ல ஏறறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"என்கிட்ட வண்டிய குடுக்காதீங்கன்னு." கைப்பிடிச் சுவருக்கு வெளியே துப்பிவிட்டு மேலே சொன்னார். "ரெண்டு மாசத்துல உடம்பு தேறிருமா இருக்கும். அப்பவும் வலிச்சா நான் சொல்லமாட்டேம்மா. என்ன எனக்குத் தெரியும். அம்மாகிட்ட நீ ஒண்ணும் பேசாத, நானே சொல்லிக்கறேன். நீ சாப்பிட்டு வேலைக்குப் போ."

ஃபோனை வைத்துவிட்டு சைக்கிளைத் திருப்பினார். அந்தப் பக்கம் இறங்கினால் எட்டு கிலோமீட்டர் முழுசாக வரும், இந்தப் பக்கம் இறங்கினால் வீடு. அவர் திரும்பின நேரத்தில் கீழே பாலத்தடியிலிருந்து ஒரு பஸ் மேலே வந்தது, இறுகின இன்ஜின் சத்தத்திலேயே தெரிந்தது, ஆறு முப்பது புதுக்கோட்டை, அவருடைய வண்டி, ஐந்து மாசமாக இளங்கோவன் ஓட்டுகிறான். நல்ல லோடு, படியில் ரெண்டு பேர் தொங்குகிறார்கள். ஏழாவது கம்பத்துக்கிட்டே வண்டி திணறியது, பையன் இன்னும் மூணாவது கியரிலேயே இழுக்கிறான், குறைடா, குறைச்சுடு என்று சவரிமுத்துவின் இடது கை சைக்கிளை விட்டுக் கீழே போய், இல்லாத கியர் தண்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தது. அதே நொடியில் இளங்கோவனும் குறைத்தான். வண்டி மூச்சு வாங்கி, நிமிர்ந்து, ஏறி வந்தது. ஜன்னலோரம் ஒரு பெண் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் ஒருத்தன் தூங்கினான். இளங்கோவன் அவரைப் பார்த்துவிட்டு ஹாரனை இரண்டு தடவை அடித்து, "அண்ணே, திங்கக்கிழமை வந்துருவீங்கள்ல?" என்று கத்தினான். சவரிமுத்து சைக்கிளைக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வண்டி போக வழிவிட்டு நின்றார்.